இரு கரைக்கும் பொது ஆள்

ஏடன்
12 பிப்ரவரி 1975

அன்புள்ள பாவாவுக்கு மகன் சலாவுதீன் சலாம் சொல்லி எழுதுவது.

நான் ஸஹ்ராவை நிக்காஹ் செய்துகொண்ட செய்தி வந்த பிறகு காரிமங்கலத்திலிருந்து எனக்கு ஒரு தபாலும் இல்லை. மூன்று வருடம் ஆகிறது. கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் ஒரு நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தெற்கு ஏமனுக்குக் கடல் தாண்டி நேர் எதிரே சோமாலியா. பாய்மரப் படகில் ஓர் இரவும் பகலும் போனால் பெர்பெரா துறைமுகம். இது ஆசியா, அது ஆப்பிரிக்கா என்று பள்ளிக்கூடத்துப் படத்தில் வேறு வேறு நிறம் அடித்திருப்பார்கள். ஆனால் ஏடனில் தின்கிற ஆட்டில் பாதி அந்தக் கரையில் பிறந்ததுதான். இங்கே பட்டாளத்து மெஸ்ஸுக்குக் கறி வெட்டியவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ற வருடம் சோமாலியா அரபு நாடுகளின் சங்கத்தில் சேர்ந்தது. இப்போது இரண்டு அரசுகளும் ஆட்டு வியாபாரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பெர்பெராவில் ஒரு கூட்டு அலுவலகம் வரப்போகிறது. ஆடுகளைச் சோதித்து, எண்ணி, முத்திரையிட்டுக் கப்பலேற்றும் வேலை. அதற்கு அரபியும் வேண்டாம், சோமாலியும் வேண்டாம், இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று யோசித்து என்னை நியமித்திருக்கிறார்கள். "இந்தியன் யார் பக்கமும் சாய மாட்டான்" என்றார் எங்கள் அதிகாரி.

பெர்பெராதான் ஸஹ்ராவின் ஊர். அவள் தகப்பனார் வர்சமே உங்களைப் போலவே ஆட்டுத் தரகர். அங்கேயும் துணிக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். பார்த்ததும் நம் சந்தையில் நிற்பதுபோல் இருந்தது.

மகளுக்கு ஒன்றரை வயது. பெயர் வஹிதா. அம்மாவிடம் சொல்லுங்கள்.

சலாவுதீன்


காரிமங்கலம்
9 மார்ச் 1975

786

மகன் சலாவுதீனுக்குப் பாவா அப்துல் சுபான் சொல்லி எழுதவைத்தது. வாய் என்னுடையது, கை தீர்த்தம்மாள் டீச்சருடையது. நம் வீட்டு உருதுவை எழுத இந்தத் தெருவில் ஆள் இல்லை. நீயும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். "கொஞ்சம் அழகா எழுதட்டுங்களா பாய்?" என்று டீச்சர் கேட்டாள். "அழகெல்லாம் எதுக்கும்மா, சொல்றத எழுது" என்றேன்.

மூன்று வருடமாக நான் எழுதவில்லை என்கிறாய். எழுத்தே தெரியாதவனைப் பார்த்து ஏன் எழுதவில்லை என்று கேட்கிற மகனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று டீச்சர் சிரிக்கிறாள். அறுபத்தேழில் வெள்ளைக்காரன் ஏடனை விட்டுக் கப்பலேறியபோது நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். கிருஷ்ணகிரிக்காரன் வந்தான், வாணியம்பாடிக்காரன் வந்தான். நீ வரவில்லை. ஏன் என்று அந்தப் பெண்ணைக் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அது போகட்டும்.

பொது ஆள் என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தரகன் சென்னப்பனை உனக்குத் தெரியாது. நீ பால் குடித்துக்கொண்டிருந்தாய். ஆனேக்கல் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நம் சந்தைக்கு ஒரு மந்தை ஓட்டி வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். நடுவில் நின்று விலை பேசியவன் சென்னப்பன். அவனுக்குக் கன்னடமும் தெரியும் தமிழும் தெரியும். அடுத்த சந்தைக்குள் ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. சந்தையில் தடியெடுத்தார்கள். சென்னப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடினான். "நிறுத்துங்கப்பா! ரெண்டு பேருக்கும் நான் பொது ஆளுங்க!" என்றான். "நம்ம பாஷை பேசியே நம்மள கெடுத்தவன்" என்று அவர்கள் அடித்தார்கள். "அவங்க பாஷை தெரிஞ்சவன் அவங்க ஆளுதான்" என்று நம்மவர்கள் அடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவர்களுக்குள் சமாதானமாகி ஒரே கடையில் டீ குடித்தார்கள். சென்னப்பனுக்கு வலது கை பிறகு மடங்கவே இல்லை. துண்டுக்கு அடியில் கொடுக்க விரல் இல்லாத தரகனாகச் செத்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏடனிலேயே ஏதாவது மூட்டை தூக்கு.

உன் அம்மா அஸ்கரி பேகம் பிள்ளையின் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். என்னிடம் அல்ல, டீச்சரிடம்.

அப்துல் சுபான்


பெர்பெரா
20 ஜூன் 1976

பாவாவுக்கு,

உங்கள் பேச்சை மீறி இங்கே வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. என் இரண்டு கையும் மடங்குகின்றன. சந்தோஷப்படுங்கள்.

நாடுகளைச் சந்தை என்று நினைக்கிறீர்கள் பாவா. இது ஒப்பந்தம். இரண்டு நாட்டு மந்திரிகளும் கையெழுத்துப் போட்ட காகிதம். அலுவலகச் சுவரில் இரண்டு தலைவர்களின் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பெயர்ப் பலகையில் அரபியிலும் சோமாலியிலும் எழுத்து. ஏடனிலிருந்து வந்த மருத்துவரும் இந்த ஊர் மருத்துவரும் ஓர் ஆட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பல் பார்க்கிறார்கள். ஒரே கெட்டிலில் டீ. போன மாதம் ஏடனுக்கு மருந்து போதவில்லை என்று இங்கிருந்து அனுப்பினார்கள். இங்கே அரிசி குறைந்தபோது அங்கிருந்து வந்தது. இப்படியும் அண்டை நாடுகள் இருக்கின்றன.

வஹிதா தொழுவத்துக்கு வந்து ஆடுகளுக்கு உருதுவில் பெயர் வைக்கிறாள். ஒரு கிடாவுக்கு, தாத்தா உங்களைக் கூப்பிடுவதுபோல், 'தாதா' என்று பெயர். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தாடி இருப்பதால் இருக்கலாம்.

ஸஹ்ரா உங்களுக்கும் அம்மாவுக்கும் சலாம் சொல்கிறாள். நீங்கள் திருப்பிச் சொல்லாவிட்டாலும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

சலாவுதீன்


காரிமங்கலம்
3 அக்டோபர் 1976

786

மகனுக்கு,

தாடி உள்ள கிடாவுக்கு என் பெயரா? உன் அம்மா இரண்டு நாள் சிரித்தாள். அவள் தைத்த கவுன் பம்பாய் போகிற ஆளிடம் கொடுத்திருக்கிறது. வந்து சேரும்.

வர்சமேயிடம் ஒன்று கேட்டு எழுது. விலை படியாதபோது அங்கே கையை எப்படி உருவுகிறார்கள்? நம் பக்கம் முதலில் சுண்டுவிரலைத் தளர்த்துவார்கள். முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்திருக்கிறவனுக்கு மட்டும் தெரியும், வியாபாரம் முடிந்தது என்று.

நீ படத்தையும் பலகையையும் பார்க்காதே. அந்த கெட்டிலைப் பார். அது இரண்டாகிற அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

மருமகளுக்குச் சலாம். டீச்சர் இந்த வரியை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். "என்னம்மா பாக்கற, எழுது" என்றேன்.

அப்துல் சுபான்


பெர்பெரா
28 மே 1977

பாவாவுக்கு,

கவுன் வந்தது. வஹிதா அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

கடிதங்களை இரண்டு கரையிலும் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. ஆகையால் இந்த இரண்டு நாடுகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. இந்த வீடு என்றும் எதிர் வீடு என்றும் எழுதுகிறேன். புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்கும் மேற்கே இருக்கிற அபிசீனியாவுக்கும், இப்போது எத்தியோப்பியா என்கிறார்களே, அதற்கும் நிலத் தகராறு முற்றுகிறது. எதிர் வீடு அபிசீனியாவின் பக்கம் சாய்கிறது என்று இங்கே கடைத்தெருவில் பேசுகிறார்கள். ஒரு கப்பல் ஆட்டை எதிர் வீட்டுத் துறைமுகத்தில் நோய் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். நான் பல் பார்த்து ஏற்றிய ஆடுகள். ஒன்றுக்கும் நோய் இல்லை. தண்ணீர் காட்டாமல் நிறுத்தி வைத்ததால் திரும்பி வரும் வழியில் பாதி செத்துக் கடலில் வீசப்பட்டன. மறுநாள் அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதிர் வீட்டு மருத்துவர் தனக்கென்று ஒரு கெட்டில் வாங்கி வந்திருக்கிறார்.

வர்சமே மாமாவிடம் நீங்கள் கேட்டதைக் கேட்டேன். இங்கேயும் சுண்டுவிரல்தானாம்.

ஸஹ்ராவும் வஹிதாவும் இந்தியா வருவதற்குக் காகிதம் கேட்டு எழுதியிருக்கிறேன். மாதக் கணக்கில் ஆகும் என்கிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் சரி, நாங்கள் மூன்று பேரும் ஒரே கரையில் இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு யோசனை இல்லை.

சலாவுதீன்


காரிமங்கலம்
30 ஜூலை 1977

786

சண்டை தொடங்கிவிட்டது என்று டீச்சர் வீட்டு ரேடியோவில் கேட்டேன். அபிசீனியாவுக்குள் பட்டாளம் போய்விட்டதாம்.

நாற்பதில் இத்தாலிக்காரன் பெர்பெராவைப் பிடித்தபோது நான் ஏடன் துறைமுகத்தில் நின்றவன். அந்தக் கரையிலிருந்து வந்து இறங்கிய சனத்தைப் பார்த்தேன். ஒருத்தி இடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பிள்ளைக்குத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இறங்கினாள். பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று பேரும் கிளம்புங்கள். காகிதம் வரவில்லை என்றால் நீ முதலில் வா. இங்கிருந்து மெட்ராசுக்கும் டில்லிக்கும் நடந்து அவர்களை நாம் வரவழைக்கலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு நீ யாரைக் காப்பாற்றுவாய்? நீ பொது ஆள்.

நீயாக வராவிட்டால் வரவைக்க எனக்குத் தெரியும்.

அப்துல் சுபான்


ஏடன்
3 அக்டோபர் 1977

பாவாவுக்கு,

"தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படு" என்ற உங்கள் தந்தி பெர்பெராவில் கிடைத்தது. அன்றைக்கே புறப்பட்ட படகில் ஏறி ஏடன் வந்துவிட்டேன். அம்மா எப்படி இருக்கிறாள்? இருக்கிறாளா? ஒரு சொல்லாவது தந்தி அடியுங்கள்.

ஸஹ்ரா உடன் வருகிறேன் என்றாள். காகிதம் இல்லாமல் அவளை எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். வர்சமே மாமா, "தாய் ஒருத்திதான். போய்விட்டு வா. இவர்கள் என் வீட்டில் இருக்கட்டும்" என்றார். வஹிதா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள் என்று எழுப்பவில்லை.

பம்பாய்க் கப்பல் அடுத்த வாரம் என்கிறார்கள். துறைமுகத்தில் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் அதிலிருந்த பெர்பெரா முத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாளையும் அதையேதான் சொல்வார் என்று தோன்றுகிறது.

சலாவுதீன்


காரிமங்கலம்
22 அக்டோபர் 1977

786

மகனே,

உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறாள்.

நம் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் தாய்க்கு முடியவில்லை என்று தந்தி அடிப்பார்கள். அவன் அழுதுகொண்டு வந்து இறங்குவான். தாய் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அப்படி நினைத்தேன். டீச்சரைத் தந்தி எழுதச் சொன்னேன். "பொய்யி எழுத மாட்டனுங்க பாய்" என்றாள். தபால் ஆபீசில் வேறு ஒருவரை எழுதச் சொல்லி நானே அடித்தேன். நீ பதறி, பெண்டாட்டி பிள்ளையோடு எப்படியாவது வந்து சேருவாய் என்றுதான் நினைத்தேன். நீ முதலில் வா என்று எழுதியவனும் நான்தான், ஆனாலும் அவர்களை விட்டுவிட்டு வருவாய் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு விஷயத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். "என்ன கொன்னு போட்டு எம் மவன அந்தரத்துல நிறுத்திட்டியா?" என்றாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள். பேச்சு இல்லை.

கப்பல் ஏறாதே. திரும்பிப் போ. உடனே போ. ஸஹ்ராவிடம் கிழவன்மேல் தப்பு என்று சொல்.

அப்துல் சுபான்


ஏடன்
30 நவம்பர் 1977

பாவாவுக்கு,

அம்மா நலம் என்று படித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள்மேல் கோபப்பட மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பலம் குறைந்துவிட்டது.

உங்கள் கடிதம் வருவதற்குள் கடல் மூடிவிட்டது. நான் கரை மாறியதால் இப்போது பெர்பெரா பக்கம்தான் எனக்கு எதிர் வீடு. எதிர் வீடு தன்னிடம் இருந்த ரஷ்யர்களை வெளியேற்றிவிட்டது. இந்த வீட்டுப் பையன்கள் அபிசீனியாவில் எதிர் வீட்டாரோடு சண்டை போடுகிறார்கள் என்கிறார்கள். கூட்டு அலுவலகம் இல்லை. பெர்பெரா படகுகள் வருவதில்லை. கறிக்கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஏடனில் பல வருடமாக இருக்கிற சோமாலிகள் தெருவில் தங்கள் பாஷையில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

மீன்காரன் ஒருவன் மூலம் வர்சமே மாமா ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அங்கே என்னை ஏடன் வைத்த ஒற்றன் என்று சொல்கிறார்களாம். வீட்டைச் சோதித்தார்களாம். ஸஹ்ராவும் குழந்தையும் பத்திரமாம். இங்கே என்னை, பெர்பெராவில் இரண்டரை வருடம் என்ன செய்தாய், மாமனார் யார் யாரோடு பழகுவார் என்று வாரம்தோறும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கிறது.

இதைத் தபாலில் போடாமல் பம்பாய் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதம் தபாலில்தான் வரும், ஆகையால் இனிமேல் எனக்கு எழுதும்போது சௌக்கியம் விசாரித்து மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

சலாவுதீன்


காரிமங்கலம்
2 ஜனவரி 1978

786

மகனே,

சௌக்கியம் மட்டும் எழுது என்கிறாய். சௌக்கியம் எங்கே இருக்கிறது எழுத? டீச்சரும், "அவரு வேணாங்கறாரே பாய், சும்மா இருங்க" என்கிறாள். அரபிக்காரன் கடிதத்தைப் பிரித்தால் பிரிக்கட்டும். தமிழை எவன் படிக்கப் போகிறான் அங்கே? ஏதோ எறும்பு ஊர்ந்த தடம் என்று நினைத்துத் திருப்பி ஒட்டிவிடுவான்.

பத்து வருடமாக வா வா என்றேன். இப்போது சொல்கிறேன், இங்கே வராதே. ஸஹ்ராவிடம் போ. அவளும் பிள்ளையும் அந்தக் கரையில், நீ இந்தக் கரையில். இப்படி நிறுத்தியவன் நான். எனக்குத் தூக்கம் இல்லை.

ஏடன் துறைமுகத்தில், மாலா துறையில், கப்பல் ஏற முடியாது. ஊருக்கு மேற்கே மீன்காரர்கள் படகு இழுக்கிற கரை இருக்கிறது. என் காலத்திலேயே அங்கிருந்து ரகசியமாகப் போவார்கள். தை மாதத்துக் காற்று அந்தக் கரைக்குத்தான் தள்ளும். வர்சமேயின் செய்தி கொண்டுவந்தானே, அந்த மீன்காரனைப் பிடி. வர்சமேயின் மருமகன் என்று சொல். பாஸ்போர்ட் போனால் போகட்டும். அங்கே உன்னை ஒற்றன் என்கிறவர்களிடம் வர்சமே உனக்காக முன்னே நிற்பார். தரகன் தன்னை நம்பி வந்தவனை விட மாட்டான்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. எழுத முடியாவிட்டால் வேண்டாம். மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அப்துல் சுபான்


ஏடன்
11 பிப்ரவரி 1978

மரியாதைக்குரிய தகப்பனார் அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். என்னை நல்ல முறையில் நடத்துகிறார்கள். தங்களுடைய 2 ஜனவரி தேதியிட்ட கடிதம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் படித்தார். அவர் இப்போதும் என் அருகில் அமர்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவர் படிப்பார்.

தாங்கள் எழுதியது போன்ற படகு ஏற்பாடு எதுவும் நான் செய்யவில்லை. அப்படிப்பட்ட மீன்காரர் எவரையும் எனக்குத் தெரியாது. பெர்பெராவில் உத்தியோக நிமித்தம் மட்டுமே இருந்தேன். எதிர்க் கரையில் எனக்கு மனைவியோ மகளோ உறவினரோ எவரும் இல்லை. தாங்கள் முதுமையின் காரணமாகத் தவறாக எழுதிவிட்டீர்கள் என்று நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். தாங்களும் அதை உறுதிப்படுத்தி எழுதினால் விசாரணை விரைவில் முடியலாம் என்று சொல்கிறார்கள்.

தாயாரின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

சலாவுதீன்


காரிமங்கலம்
6 மார்ச் 1978

786

மகன் சலாவுதீனுக்குப் பாவா அப்துல் சுபான் சொல்லி எழுதவைத்தது.

உன் கடிதத்தை டீச்சர் ஒரு தரம் படித்தாள். போதும் என்றேன்.

நீ சொன்னது சரி. மார்கழி மாதம் நான் எழுதவைத்தது கிழட்டு உளறல். எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. ஞாபகம் பிசகிப்போய்விட்டது. காலையில் தின்றதைச் சாயங்காலம் மறந்துவிடுகிறேன். யாரோ சந்தையில் சொன்ன கதையை என் வீட்டுக் கதை என்று நினைத்துக்கொள்கிறேன். ஏடனை நான் பார்த்ததே இல்லை. படகு எப்படி இருக்கும் என்றும் தெரியாது. மீன்காரன் என்று நான் சொன்னது இங்கே ஏரியில் மீன் பிடிக்கிறவனை. வர்சமே என்று ஒருவரை நான் அறியேன். என் மகனுக்கு எதிர்க் கரையில் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. எனக்குப் பேத்தி இல்லை. என் பெண்டாட்டி யாருக்கும் கவுன் தைத்து அனுப்பவில்லை. இதற்கெல்லாம் டீச்சரும் சாட்சி. அவள் கையெழுத்தும் கீழே இருக்கிறது.

மகனே, உனக்கு எழுதுவது இவ்வளவுதான். மீதி, பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற ஐயாவுக்கு.

ஐயா, சலாம். தமிழ் இவ்வளவு நன்றாகப் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள் நம் பக்கத்தில் எங்கேயோ பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு எந்த ஊருங்க? கீழக்கரையோ காயலோ ஆம்பூரோ, எதுவானாலும் சரி, ஊர்ப் பெயரை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நான் பஸ் ஏறி வருகிறேன். உங்கள் தாயார் உயிரோடு இருந்தால் வாசலில் நின்று, "உங்க மவன் நல்லா இருக்காருங்கம்மா, எம் மவன் அவரு கையில இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

அப்துல் சுபான்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியவர்: கா. தீர்த்தம்மாள்